அசைவை அறியும் கருவிகளும் அசையாத பிள்ளைகளும்

மார்கழியில் ஒஸ்லோ நகருக்குக் கிடைப்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரப் பகல் வெளிச்சம் மட்டுமே. பிள்ளைகள் பாடசாலை விட்டு வீடு சேரும்போதே பொழுது மங்கிவிடுகின்றது. தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் வீடுகளில், குறிப்பாக எம்மவர் பலர் வாழும் குரூருட் பள்ளத்தாக்கின் தொடர்மாடிக் குடியிருப்புகளில், மாலை நேரத் துணை தொலைக்காட்சித் திரையே. நத்தார் வியாபாரம் சூடுபிடிப்பதும் இதே காலத்தில்தான். விளம்பரங்கள் தரும் வாக்குறுதிகளுள் பெற்றோரின் மனத்தை எளிதில் தொடுவது ஒன்றுண்டு. இக்கருவியை வாங்கினால் பிள்ளை சோபாவில் சாய்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டிராது. எழுந்து நின்று, கைகால்களை வீசி, வியர்க்க விளையாடும் என்பதே அது.

பிள்ளை அசையாமல் இருக்கின்றதே என்ற கவலையும், அதனோடு கூடி ஓட எமக்கு நேரமில்லையே என்ற குற்றவுணர்வும் ஒன்றுசேரும் இடத்திலேதான் இவ்வாக்குறுதி விலைபோகின்றது. உடலசைவால் இயக்கும் விளையாட்டுக் கருவிகள் இந்த வாக்கைக் காப்பாற்றியுள்ளனவா? விடை காண்பதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் இன்று எம்முன் உள்ளது.

கையுறையிலிருந்து கைப்பிடி வரை

1989 ஆம் ஆண்டு மட்டெல் நிறுவனம், நின்ரென்டோ விளையாட்டுக் கருவிக்கென 'பவர் குளோவ்' என்னும் கையுறையை அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. ஆய்வுகூடங்களில் பல ஆயிரம் டொலர் விலைபோன கையுறை ஒன்றின் மலிவுப் பதிப்பு அது. விலை ஏறத்தாழ 75 டொலர். கையுறை காதுக்குக் கேளாத ஒலியை எழுப்பும். தொலைக்காட்சியைச் சுற்றிப் பொருத்திய மூன்று வாங்கிகள் அவ்வொலியைப் பிடித்துக் கை எங்குள்ளது என்று கணிக்கும். கேட்பதற்கு அற்புதமே. நடைமுறையிலோ கை காட்டிய இடம் ஒன்று, திரையிலுள்ள உருவம் சென்ற இடம் வேறொன்று. அதற்கென்றே வெளிவந்த விளையாட்டுகளும் இரண்டே இரண்டு. 1993 இல் செகா நிறுவனம் தரையில் விரிக்கும் எண்கோணச் சட்டமொன்றைக் கொண்டுவந்தது. அதுவும் நிலைக்கவில்லை.

நிலைமையை மாற்றியது, பட்டாணியிலும் சிறிய ஓர் உணரி. வாகனம் மோதும் கணத்தை அறிந்து காற்றுப்பையை விரிக்கச் செய்வதற்காக, ஆர்முடுகலை அளக்கும் சிலிக்கன் சில்லுகள் பெருந்தொகையாகத் தயாரிக்கப்பட்டன. ஒஸ்லோ குடாவின் மேற்குக் கரையிலுள்ள ஹோர்த்தன் நகரில் 1985 இல் தொடங்கப்பட்ட சென்சோனோர் நிறுவனமும் இத்துறையில் பெயர்பெற்றது. வாகனத் தொழிலின் தேவையால் இவ்வகைச் சில்லின் விலை வீழ்ந்தது. வீழ்ந்ததும் அது விளையாட்டுச் சாமானுக்குள்ளும் புகுந்தது.

2006 இன் இறுதியில் நின்ரென்டோவின் 'வீ' வெளிவந்தது. கைப்பிடியை ரெனிஸ் மட்டையைப் போல வீசினால் திரையில் மட்டை வீசப்படும். மொத்தமாகப் பத்துக் கோடிக்கு மேற்பட்ட கருவிகள் விற்பனையாயின. ஆயினும் அக்கைப்பிடி அறிந்தது கையின் உதறலை மட்டுமே; முழு உடலின் அசைவை அன்று. ஓரிரு கிழமைகளில் பிள்ளைகள் இந்த இரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சற்றே சுண்டினாலும் ஆட்டத்தில் வெல்லலாம்! 2009 இல் சுழற்சியையும் அளக்கும் துணைக்கருவி ஒன்றை நின்ரென்டோ தனியாக விற்றது. முதலிற் சொன்ன வாக்கு முழுமையானதன்று என்பதற்கு இதுவே போதிய சான்று எனலாம்.

2010 நவம்பரில் மைக்ரோசொவ்ற்றின் 'கினெக்ற்' வந்தது. கையில் எதுவும் வேண்டாம். கமராவே உடலைப் பார்த்துக்கொள்ளும். முதல் 60 நாட்களில் எண்பது இலட்சம் விற்பனையாயின. ஆனால் ஒருவர் ஆடுவதற்கே கருவியிலிருந்து ஏறத்தாழ 1.8 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். சோபாவும் சாப்பாட்டு மேசையும் அடைத்து நிற்கும் எமது வரவேற்பறைகளில் அந்த இடத்துக்கு எங்கே போவது? 2017 இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

ஆய்வுகள் சொல்வது

கருவி பிழைக்காமல் வேலை செய்தாலும் பிள்ளைக்கு நன்மை கிட்டுகின்றதா என்பது வேறு கேள்வி. 2007 இல் லிவர்பூல் ஆய்வாளர்கள் பதின்ம வயதினர் 11 பேரை ஆராய்ந்தனர். 'வீ' விளையாடுகையில், உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகளை விடக் கூடுதலான சக்தி செலவானது. உண்மையான ரெனிஸ் போன்ற விளையாட்டுகளுக்கு வேண்டிய அளவுக்கு அது வரவில்லை. 2012 இல் அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரில் 78 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு இன்னும் தெளிவானது. ஒரு பகுதியினருக்கு உடலசைவு விளையாட்டுகளும், மற்றோருக்கு உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகளும் கொடுத்து 13 கிழமைகள் அவதானித்தனர். ஒரு நாளின் மொத்த உடலுழைப்பில் இரு பகுதியினருக்குமிடையே வேறுபாடு தென்படவில்லை.

எம்மை அதிகம் சிந்திக்க வைப்பவை பாரிசவாத நோயாளர் பற்றிய ஆய்வுகள். ரொறன்ரோ வைத்தியர்களின் தலைமையில் நான்கு நாடுகளில் 141 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2016 இல் வெளியாயிற்று. வழமையான சிகிச்சையோடு ஒரு சாரார் 'வீ' விளையாடினர். மறுசாரார் கடதாசி, பிங்கோ, கட்டை அடுக்குதல், பந்து போன்றவற்றை விளையாடினர். இரு சாராரின் கைகளும் தேறின. ஒரு சாரார் மறு சாராரை மிஞ்சவில்லை. நோர்வே, டென்மார்க், பெல்ஜியம் ஆகிய நாடுகளில் 120 நோயாளருக்கு உணரி பொருத்திய கையுறை கொண்டு கணனிப் பயிற்சியளித்த ஆய்வின் முடிவு 2017 இல் வந்தது. வழமையான கைப்பயிற்சியை விட அதுவும் மேலாகவில்லை, கீழாகவுமில்லை.

இதனைக் கருவிகளின் தோல்வியென்று மட்டும் கொள்வது பொருந்தாது. கையை அசைத்தவர் எல்லோருமே பயன் பெற்றனர். பயன் தந்தது அசைவு. அவ்வசைவைத் தூண்டியது விலையுயர்ந்த கருவியாகவும் இருக்கலாம், ஒரு கட்டுக் கடதாசியாகவும் இருக்கலாம். ஊரில் திண்ணையில் இருந்து '304' ஆடிய கை, துருப்பைக் கண்டதும் மேசை அதிர அடித்த அடியை இங்கு நினைத்துக்கொள்ளலாம். முதுமையில் இந்நாட்டுக்கு வந்து, பகல் முழுவதும் யன்னலோரம் அமர்ந்திருக்கும் எமது பெரியவர்களுக்கு இன்று அந்த ஆட்டமும் இல்லை. கூட ஆடுவதற்கு ஆளுமில்லை.

கருவி அசைவை அறியும். அசைய வேண்டும் என்ற விருப்பத்தை அது உண்டாக்குவது சில கிழமைகளுக்கு மட்டுமே. அதன் பின்னர் அவ்விருப்பம் பக்கத்தில் நிற்கும் மனிதரிடமிருந்துதான் வரவேண்டும். தனியே விடப்பட்ட பிள்ளை மணிக்கட்டைச் சுண்டும்; அம்மம்மாவோடு போட்டியிடும் பிள்ளை எழுந்து நிற்கும்.

வாங்குவதற்கு முன்

ஆகவே, வாங்க நினைக்கும் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நன்று. இதற்கென உள்ள விளையாட்டுகள் எத்தனை? எமது அறையில் இதற்கு இடமுண்டா? இதனைப் பிள்ளையோடு யார் ஆடப்போகின்றார்கள்? மூன்றாவதற்கு விடையில்லையெனில் பணத்தைச் செலவிடாதிருப்பதே மேல். விடையுண்டெனில் புதியதுதான் வேண்டுமென்பதில்லை. பாடசாலை வாத்தியக் குழுக்கள் நிதி சேர்ப்பதற்காக நடத்தும் 'லொப்பெமார்கெட்' பழம்பொருட் சந்தைகளில் பழைய விளையாட்டுக் கருவிகளையும் தேடிப் பார்க்கலாம்.

பிள்ளையின் உடல்நலமே நோக்கமாயின் அதைவிட மலிந்த வழியொன்றும் இந்நாட்டில் உண்டு. 'பூஆ' என்னும் இரவல் நிலையங்கள் பனிச்சறுக்குக் கட்டைகளையும் சறுக்குச் சப்பாத்துகளையும் பணமின்றித் தருகின்றன. நகரைச் சூழ்ந்த காடுகளில் மின்விளக்கிட்ட தடங்கள் குளிர்கால இரவிலும் திறந்தே கிடக்கின்றன. குளிருக்கு அஞ்சும் எம்மவருக்கு இது எளிதன்று என்பதை அறிவோம். ஆயினும், கிழமையில் ஒரு மாலை பிள்ளையோடு அத்தடத்தில் இறங்குவதற்கும், ஒரு மாலை வீட்டுப் பெரியவரோடு கடதாசிக் கட்டை எடுத்து அமர்வதற்கும் நேரம் ஒதுக்க முடிந்தால், கடையில் விலை கூறப்படும் வாக்குறுதியின் பெரும்பகுதி செலவின்றியே கைகூடும்.