பெட்டியைத் திறப்பவள்

கண்டாவளையில் ஒரு வீட்டில் இழவு விழுந்தால் ஊரே திரண்டு வருகிறது. எட்டுச் செலவு நடக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் நிறைவேறுகிறது. அதன் பின்னர் உறவினர் தத்தம் வயலுக்கும் உத்தியோகத்துக்கும் திரும்பிவிடுகின்றனர். எஞ்சி நிற்பவள் மனைவி. வீட்டு மூலையில் இறந்தவருடைய பெட்டி இருக்கிறது. காணி உறுதி, பழைய கடிதங்கள், ஏதோ எழுதிவைத்த ஒரு கொப்பி ஆகியன அதனுள் கிடக்கலாம். அதைத் திறக்க அவளுக்கு மனம் வருவதில்லை. திறவாமல் விட்டுவிடவும் இயலுவதில்லை.

பேய்க்கதை என்றவுடன் புளியமரமும் சுடலையும் நள்ளிரவுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், அந்தப் பெட்டியின் முன்னே தனியே அமர்ந்திருப்பவளின் அச்சத்துக்கு எந்தப் பேயின் அச்சமும் ஈடாகாது. அந்த அச்சத்தையே பொருளாகக் கொண்டு அமெரிக்காவில் ஒரு நாவல் பிறந்திருக்கிறது. தமிழ்நாட்டிலோ, திகில் கதை எழுதிய ஒருவரின் இல்லத்திலேயே அத்தகைய துயரம் வாழ்க்கையாக நிகழ்ந்திருக்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குதல் பயன் தரும் என்று கருதுகிறோம்.

லீசியின் கதை

திகில் நாவல்களால் உலகப் புகழ் பெற்றவர் ஸ்டீபன் கிங். 2003ஆம் ஆண்டில் அவர் நிமோனியாவினால் கடுமையாக நோயுற்று வைத்தியசாலையில் இருந்தார். அவர் மனைவி டபித்தாவும் ஒரு நாவலாசிரியை. கணவர் வீட்டில் இல்லாத அந்நாட்களில் அவருடைய எழுத்தறையைப் புதுப்பிக்க எண்ணி, அங்கிருந்த பொருள்களையெல்லாம் அம்மையார் பெட்டிகளில் அடுக்கிவைத்தார். குணமடைந்து வீடு திரும்பிய கிங் வெறுமையான அந்த அறையைக் கண்டார். தாம் இறந்த பின் இவ்வறை இப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம் அவர் மனத்தில் எழுந்தது. அவ்வெண்ணமே 2006ஆம் ஆண்டில் 'லீசியின் கதை' என்னும் நாவலாக வெளிவந்தது. திகில் இலக்கியத்துக்கென வழங்கப்படும் பிராம் ஸ்டோக்கர் பரிசையும் அது பெற்றது. 2021ஆம் ஆண்டில் கிங் தாமே திரைக்கதை எழுத, எட்டுப் பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராகவும் அது அமைந்தது.

கதை இதுதான். புகழ்மிக்க எழுத்தாளன் ஸ்கொட் இறந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. இருபத்தைந்து ஆண்டுகள் அவனோடு வாழ்ந்த லீசி, அவனது எழுத்தறையை ஒழுங்குபடுத்தத் தொடங்குகிறாள். அச்சேறாத எழுத்துப் பிரதிகளைத் தரும்படி ஒரு பேராசிரியர் நச்சரிக்கிறார். அவர் ஏவிவிட்ட ஒருவன் பித்தனாக மாறி அவளை அச்சுறுத்துகிறான், காயப்படுத்தவும் செய்கிறான். எழுத்தாளனை நேசிப்பதாகச் சொல்லும் இவர்கள் எவருக்கும் லீசி ஒரு பொருட்டன்று. அவர்களுக்கு அவள் ஒரு பூட்டு. திறந்து உள்ளே போனால் போதும்.

ஆனால் நாவலின் உண்மையான திகில் அங்கே இல்லை. ஸ்கொட்டின் இளமைப் பருவம் கொடுமை நிறைந்தது. தந்தையின் பித்தும் தமையனின் சாவும் அவனை விடாது துரத்தின. அவற்றிலிருந்து தப்ப அவன் மனம் நாடிச் சென்ற வேறோர் உலகம் உண்டு. அங்கே புண்களை ஆற்றும் தடாகம் இருக்கிறது. இருள் சூழ்ந்தால் அலையும் கொடிய பூதமும் இருக்கிறது. இவற்றையெல்லாம் அவன் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். அவளோ அஞ்சி, அவற்றைத் தன் நினைவின் அடியாழத்தில் புதைத்துவிட்டாள். இப்பொழுது அவன் விட்டுச்சென்ற குறிப்புகளைப் பின்பற்றி, அவள் தானே அந்த உலகத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. முடிவில் அவளுக்குக் கிட்டுவது அவளொருத்திக்காகவே அவன் எழுதிவைத்த ஒரு கதை. ஊரார் தேடியது அச்சுக்குரிய எழுத்தை. அவன் அவளுக்கென வைத்துச் சென்றது வேறு.

காஞ்சனையும் கமலாவும்

இதைப் படிக்குந்தோறும் நமக்கு நினைவுக்கு வருபவர் புதுமைப்பித்தன். 1906ஆம் ஆண்டில் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சொ. விருத்தாசலம் என்னும் அவர், 1934 முதல் 'மணிக்கொடி'யில் எழுதித் தமிழ்ச் சிறுகதையின் திசையையே மாற்றியவர். அவருடைய 'காஞ்சனை' தமிழில் எழுதப்பட்ட திகில் கதைகளுள் தலையாயது. அதைச் சொல்பவனும் ஓர் எழுத்தாளனே. பிச்சை கேட்டு வந்த ஒரு பெண்ணை அவன் மனைவி இரக்கப்பட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். இரவில் இனம் புரியாத வாடைகள் வீசுகின்றன. அவள் பேயா, பெண்ணா, அல்லது உறக்கம் கெட்ட எழுத்தாளனின் மனமயக்கமா என்று கதை தீர்த்துச் சொல்வதில்லை.

அக்கதையில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கணவன் அஞ்சுகிறான், அந்த அச்சத்தை மனைவியிடம் சொல்லத் தயங்குகிறான். ஆபத்தோ அவளைத்தான் சூழ்கிறது. அவளோ யாதும் அறியாமல் உறங்குகிறாள். ஒரே கூரையின் கீழே, ஓர் அடி தூரத்தில், ஒருவர் இரவை மற்றவர் அறியாமல் வாழ முடியும் என்பதே அக்கதையின் நடுக்கம். அமெரிக்க நாவலில் மனைவி அறிந்திருந்தும் மறந்தாள்; தமிழ்க் கதையில் மனைவிக்குச் சொல்லப்படவே இல்லை.

'செல்லம்மாள்' என்ற அவருடைய மற்றொரு கதை பேய் இல்லாமலே நம்மை உலுக்குவது. சென்னையில் துணிக்கடைச் சிப்பந்தியாக உழலும் பிரமநாயகம் பிள்ளையின் நோயாளி மனைவி இறந்துபோகிறாள். உற்றார் எவரும் அருகில் இல்லாத வீட்டில், கணவரே அவளுடைய உடலைக் குளிப்பாட்டுகிறார். கதையில் எஞ்சி நிற்பவர் கணவர். எழுதியவருடைய வாழ்க்கையிலோ எஞ்சி நின்றவர் மனைவி.

கமலா அம்மையாருக்குத் திருவனந்தபுரம் பிறந்தகம். பிழைப்பின் பொருட்டுப் புதுமைப்பித்தன் சென்னையில் பத்திரிகைகளிலும், பின்னர் சினிமாத் துறையிலும் பாடுபட்டார். கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்ந்த காலங்கள் பல. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதப் புனா சென்றபோது காசநோய் அவரை முற்றாகப் பற்றிக்கொண்டது. 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் திகதி திருவனந்தபுரத்தில் அவர் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அம்மையாரின் கையில் சிறு பெண் குழந்தை ஒன்று இருந்தது.

பிரிந்திருந்த நாட்களில் அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் 'கண்மணி கமலாவுக்கு' என்னும் நூலாக வெளிவந்தன. ஊரையே எள்ளி நகைத்த அப்பேனா, மனைவியிடம் குழைந்து பேசுவதை அதில் காண்கிறோம். பணம் அனுப்ப இயலாத தவிப்பும், விரைவில் வந்துவிடுவேன் என்ற தேறுதலும் அதில் உண்டு. அக்கடிதங்கள் இன்று நம் கைக்கு எட்டியிருப்பதற்கு முதற் காரணம், அவற்றைப் பெற்றவர் எறிந்துவிடாமல் காத்துவைத்தமையே அன்றோ!

ஆயினும் அம்மையாரை வெறும் காவற்காரியாக எண்ணிவிடக் கூடாது. கமலா விருத்தாசலம் என்ற பெயரில் அவரும் சிறுகதைகள் எழுதினார். 'காசுமாலை' அவருடைய தொகுதி. 2002ஆம் ஆண்டில் புதுமைப்பித்தனின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியது. அவை எல்லோர்க்கும் பொதுவாயின. 1995இல் மறைந்த கமலா அம்மையாரின் கதைகளைத் தேடிப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பாரதியின் இல்லத்திலும் இதே நிலைதான். 1921ஆம் ஆண்டில் கவிஞர் மறைந்தார். மறு ஆண்டே செல்லம்மா அம்மையார் கணவரின் பாடல்களை அச்சிட்டு வெளியிடும் முயற்சியில் இறங்கினார். ஆனால் தம் வாழ்வைத் தம் வாயால் ஊரறியச் சொல்ல, 1951ஆம் ஆண்டில் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்று அவர் ஆற்றிய உரை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகள்! கவிஞனுக்கு மனைவியாய் இருப்பது எத்துணைக் கடினம் என்பதை அவ்வுரையில் அவர் மறைக்காமல் சொன்னார்.

புலவர் பாடிய புலம்பல்

நம் நாட்டு வழக்கம் ஒன்றையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். அந்தியேட்டியன்று கல்வெட்டு அச்சிட்டு வழங்குவது ஈழத் தமிழரின் மரபு. அதில் இறந்தவரின் வரலாறு இருக்கும். திருமுறைப் பாடல்கள் இருக்கும். 'மனைவி புலம்பல்' என்ற பகுதியும் இருக்கும். அப்புலம்பலைப் பாடியவர் பெரும்பாலும் மனைவி அல்லர், ஊர்ப் புலவர். தாலி இழந்தவளின் வாயில் அழகிய விருத்தங்களை அவர் வைத்துவிடுகிறார். அது அன்பினால் செய்யப்படும் காரியமே, குறை கூறுவதற்கில்லை. ஆனால், உள்ளறையில் இருக்கும் அவளிடம், 'அம்மா, உமக்கு என்ன சொல்ல வேண்டும்?' என்று கேட்பவர் யார்?

இக்கேள்வி வன்னி மண்ணில் இலக்கியக் கேள்வி மட்டுமன்று. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் கிளிநொச்சி மாவட்டத்து மக்கள் வீடு வாசல்களை விட்டுக் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். கைக்குழந்தையைத் தூக்கியவர்களால் பெட்டியைத் தூக்க முடியவில்லை. நிழற்படங்களும் கடிதங்களும் கொப்பிகளும் வழியிலும் பதுங்குகுழியிலும் போயின. மீண்டு வந்தபோது பல வீடுகளில் கூரையும் இல்லை. குடும்பத் தலைவனும் இல்லை. எத்தனையோ பெண்களுக்கு அந்தியேட்டி செய்ய ஒரு திகதிகூடத் தெரியாது. கணவன் இறந்தானா, எங்கேனும் இருக்கிறானா என்பதே அறியாதவர்களும் உளர். லீசிக்குத் திறப்பதற்கு ஓர் அறை இருந்தது. கமலாவுக்குக் கடிதக் கட்டு இருந்தது. இவர்களுக்கோ நினைவு ஒன்றே பெட்டி. அதனை எரிக்கவும் முடியாது, இறக்கிவைக்கவும் முடியாது.

இத்தகைய கதைகளைப் படிப்பதால் என்ன பயன் என்று சில பெற்றோர் கேட்கலாம். பயமுறுத்துவதற்கென்றே எழுதப்படும் கதைகளுக்காக நாம் வாதாடவில்லை. நல்ல திகில் கதை, வெளியே சொல்ல நாணி நாம் உள்ளே வைத்திருக்கும் அச்சத்துக்கு ஓர் உருவம் கொடுக்கிறது. உருவம் பெற்றதை நேரே பார்க்கலாம், பிறரிடம் சொல்லலாம். சொல்லாத அச்சமே இரவில் காஞ்சனையாக உலவுகிறது.

மாணவர்களே! புதுமைப்பித்தனைப் படியுங்கள், அத்தோடு 'காசுமாலை'யையும் தேடிப் படியுங்கள். விடுமுறை நாளில் உங்கள் அம்மம்மாவிடமோ, அயல்வீட்டுத் தாயிடமோ சென்று அமருங்கள். மறைந்தவரைப் பற்றி மட்டுமன்று, அவர்களைப் பற்றியும் கேளுங்கள். சொல்ல விரும்பினால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விரும்பாவிட்டால் வற்புறுத்தாமல் ஒரு தேநீர் அருந்திவிட்டு வாருங்கள். மற்றொரு நாள் சொல்லக்கூடும். பெட்டியைத் திறப்பதா, மூடிவைப்பதா என்பது அவர்களின் உரிமை. திறக்கின்ற வேளையில் அருகே ஒருவர் இருப்பதே நாம் செய்யக்கூடிய உதவி.