பழைய சாம்ப்ளர் வாங்கப் போறீங்களா?

சாம்ப்ளர் என்றதும் கீபோர்டு என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கென்று சொந்தக் குரல் கிடையாது. நாம் கொடுக்கிற ஒலியை எண்களாக்கி மெமரியில் வைத்துக்கொள்ளும். கீபோர்டை இணைத்து ஒரு கட்டையை அழுத்தினால் அதையே திருப்பிச் சொல்லும்; மேல் கட்டையை அழுத்தினால் வேகமாகப் படித்துச் சுருதியை ஏற்றிவிடும். அவ்வளவுதான் சங்கதி! இன்று செல்போனிலேயே இது முடியும். ஆனாலும் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்கு மூடியைக் கழற்றிப் பார்க்கிற ஆசை விடுமா?

இரண்டு சீசன் மாங்கூழ் கம்பெனியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு காவேரிப்பட்டினத்தில் பஸ் ஏறினேன். பெங்களூரில் செகண்ட் ஹேண்டாகக் கிடைத்தது அகாய் எஸ்1000. 1988-ல் வந்த மாடல். 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது சி.டி. தரம். மெமரி மட்டும் அடிப்படையில் 2 எம்.பி.தான். ஸ்டீரியோவில் நொடிக்கு 1,76,400 பைட் தின்னும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 12 நொடிக்குள் காலி! மோனோ என்றால் இரண்டு மடங்கு வரும்.

பின்பக்கத் தகட்டில் 100 வோல்ட் என்று இருந்தது. ஜப்பானில் விற்ற செட். நம்ம 230 வோல்ட்டில் நேராகச் செருகியிருந்தால் பவர் சப்ளை புகைந்திருக்கும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் தனியாக வாங்கினேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு!

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பாவைப் பம்பை அடிக்கச் சொன்னேன். மாரியம்மன் பண்டிகைகளில் நாற்பது வருஷம் அடித்த கை, இப்போது நடுங்குகிறது. "ஒரே ஒரு தடவைதான்டா" என்று ஓங்கி அடித்தார். அருமையாகப் பதிவானது. கட்டையை அழுத்த அழுத்த அவருக்கே சிரிப்பு. அப்புறம் கரண்ட் போச்சு.

இதன் மெமரி மின்சாரம் இருக்கிறவரைதான். அணைக்கும் முன் ஃபிளாப்பியில் சேமித்தாக வேண்டும். என் ஃபிளாப்பி டிரைவோ எதையும் எழுதவில்லை. கடையில் சத்தம் வருதா என்று மட்டும் பார்த்தேனே தவிர, சேமிக்குதா என்று பார்க்கவில்லை. மறுபடி பெரியப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை. அண்ணன் அடித்துக் கொடுத்தான், அதைத்தான் வைத்திருக்கிறேன்.

ஆகவே போகும்போது ஹெட்போனும் நல்ல ஃபிளாப்பி ஒன்றும் கொண்டுபோங்கள். பதிவு செய்து, சேமித்து, அணைத்து, திரும்பப் போட்டு ஏற்றிப் பாருங்கள். திரை மங்கலா, எல்லா அவுட்புட்டிலும் ஒலி வருதா என்றும் பாருங்கள். டிரைவ் மட்டும் பழுதென்றால் பயமில்லை. அந்த இடத்தில் பென்டிரைவ் செருகுகிற சின்னப் பெட்டி பொருத்தலாம். நான் இப்போது அதைத்தான் மாட்டியிருக்கிறேன். ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்!