மலைப்பாதையும் பழங்காரின் சில்லுகளும்

கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல் அமைந்த அப்புத்தளை நகரிலிருந்து எத்திசையிற் புறப்படினும், வண்டி வளைந்து வளைந்தே செல்லவேண்டியதாகின்றது. பண்டாரவளை, ஹாலிஎல வழியாகப் பதுளையை அடையும் பாதை ஒருபுறம். பெரகலைக்கு இறங்கி, கொஸ்லந்தையைக் கடந்து, வெல்லவாயச் சமவெளியைச் சேரும் பாதை மற்றொருபுறம். 1890 இல் தோமஸ் லிப்டன் நிறுவிய டம்பேதன்னத் தேயிலைத் தொழிற்சாலைக்குச் செல்லும் ஒடுங்கிய தோட்டப் பாதை இவ்விரண்டினும் கடியது. இப்பாதைகளில் ஓடும் காரின் முன்சில்லுகள் எவ்வாறு நிற்கின்றன என்பது ரயரின் ஆயுளை மட்டுமன்றி, வண்டியில் இருப்போரின் உயிரையும் பற்றிய வினாவாகும்.

இலங்கையிற் பழங்கார்கள் இத்துணை நீண்ட காலம் ஓடுவதற்குக் காரணம் பழமைப் பற்று மட்டுமன்று. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வண்டி இறக்குமதி ஒடுங்கிற்று. 2020 இல் அது மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 இலேயே வழி திறக்கப்பட்டது. இருப்பதைப் பேணுவதன்றி வேறு வழியில்லாக் காலங்கள் இவை. அவ்வாறு பேணப்பட்டவற்றுள் தலையாயது மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த அக்கார், பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் என்னும் புகழ் உடையது. அதனையே ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஏனெனில் சில்லின் நிலை பற்றிப் பொதுவாக நிலவும் தவறான எண்ணமொன்றை அக்கார் தன் அமைப்பினாலேயே மறுத்துரைக்கின்றது.

முன்சில்லின் நிலையை மூன்று கோணங்கள் வரையறுக்கின்றன. காரின் முன்னே நின்று நோக்குகையில், சில்லு செங்குத்திலிருந்து உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு ‘கேம்பர்’ எனப்படும். மேலிருந்து நோக்குகையில் இரு சில்லுகளின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிடச் சற்றே நெருங்கியிருத்தல் ‘டோ-இன்’ எனப்படும். நடப்பவன் பாதங்களை உட்புறமாகத் திருப்பி வைத்தலை அஃது ஒக்கும். சில்லு திரும்பும் அச்சு பக்கவாட்டுப் பார்வையிற் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது ‘காஸ்டர்’; வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானே நேராக மீள்வதற்கு அது பெரிதும் துணைசெய்கின்றது. மொறிஸ் மைனருக்குத் தயாரிப்பாளர் விதித்த அளவுகள்: கேம்பர் வெளிநோக்கி 1 பாகை, காஸ்டர் 3 பாகை, டோ-இன் 3/32 அங்குலம்.

இம்மூன்றனுள் திருகித் திருத்துதற்கு உரியது டோ-இன் ஒன்றே. கேம்பரைத் திருத்துதற்கு அக்காரில் ஓர் ஆணியும் இல்லை. உறுப்புகள் செம்மையாயிருப்பின் கேம்பரும் தானே செம்மையாயிருக்கும் என்பது அதனை அமைத்தோர் கருத்து. ஆகவே மொறிஸ் மைனரின் சில்லு சாய்ந்து நிற்குமாயின், சாய்வைத் திருத்துவது எங்ஙனம் என்று கேட்பது பிழையான வினா. எந்த உறுப்பு தேய்ந்தது, எது தளர்ந்தது, எது வளைந்தது என்று கேட்பதே முறை. கைகளை நெருப்பிற் காய்ச்சி வளைத்துச் சில்லை நிமிர்த்தும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது காய்ச்சலைத் தணிக்காமல் வெப்பமானியை உடைப்பதனோடொக்கும். இரும்பின் உறுதியையும் அது கெடுத்துவிடும்.

காரின் முன்பகுதி அமைப்பை அறிந்தாலன்றி இது விளங்காது. கீழே ஒரு கை. அதன் உள்முனையிலிருந்து காரின் நீளவாக்கில் ஓடும் முறுக்குத் தண்டே சுருள்வில்லின் வேலையைச் செய்கின்றது. மேலே தனிக்கை இல்லை. அதிர்வு தாங்கியின் நெம்புகோலே மேற்கையாகவும் பயன்படுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் தண்டின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் புரி வெட்டப்பட்டு, ‘ட்ரனியன்’ என்னும் மரைகளுள் அது பொருந்தியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் இப்புரிகள் மரையினுள் சுழல்கின்றன. சமவெளியில் ஓடும் காருக்கு இஃது எப்போதாவது நேர்வது. பெரகலை இறக்கத்திலோ நிமிடத்துக்குப் பலமுறை நேர்வது.

புரிகளுக்கு இடையே கிறீஸ் வற்றினால் தேய்வு தொடங்கும். தேய்வு முற்றினால் தண்டு மரையினின்று ஒரேயடியாகக் கழன்றுவிடும்; கீழ்க்கை தரையில் விழ, சில்லு மட்கார்டின் உள்ளே மடிந்து சாயும். ஸ்டியரிங்கை முழுதும் திருப்பும் வேளையில் இது நேரக்கூடும் என்பதனாலேயே கொண்டையூசி வளைவு இக்காருக்குச் சோதனைக்களமாகின்றது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, காரை உயர்த்திச் சில்லின் பாரத்தை நீக்கிய நிலையில், மேலும் கீழுமுள்ள முலைகளில் பழைய கிறீஸ் வெளியேறும்வரை புதியது ஏற்றப்படல் வேண்டும். பாரம் தாங்கிய நிலையில் ஏற்றினால் புரியின் அழுந்திய பக்கத்தைக் கிறீஸ் சென்றடையாது. சில நிமிடப் பணிதான். ஆயினும் இதனை விடுத்து அலைன்மென்ட் பார்க்கப் பணம் செலவிடுவோரே மிகுதி.

தேய்வைக் கண்டறிதல் எளிது. சில்லைத் தரையினின்று உயர்த்தி, மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பற்றி ஒருவர் ஆட்டுக. பிறேக்கை மற்றொருவர் மிதிக்க. மிதித்ததும் ஆட்டம் நின்றால் குற்றம் சில்லின் பெயறிங்கில் உள்ளது. நில்லாதாயின் ட்ரனியனிலோ, கைகளின் இறப்பர் புஷ்களிலோ, அதிர்வு தாங்கியின் அச்சிலோ உள்ளது. இவை தேய்ந்தால், பாரத்தின் அழுத்தத்தால் சில்லின் மேற்பகுதி உட்புறம் சாயும். முறுக்குத் தண்டு காலப்போக்கில் தளர்ந்து காரின் முகம் தாழ்ந்தாலும் அதே சாய்வு தோன்றும். அந்நிலையில் தண்டின் பின்முனையைக் கழற்றி, அதன் பற்களில் இடம் மாற்றிப் பொருத்திக் காரை உரிய உயரத்துக்குக் கொணர்தல் வேண்டும்.

கேம்பரை அளக்கக் கணினிப் பொறி இன்றியமையாததன்று. கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். ஆனால் சமதரை வேண்டும். மலைநாட்டில் கிடைத்தற்கரிய பொருள்களுள் சமதரையும் ஒன்று! கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் முற்றமும் பெரும்பாலும் மழைநீர் வடிவதற்காகச் சாய்த்துக் கட்டப்பட்டிருக்கும். நீர் நிரப்பிய நீண்ட குழாயின் இருமுனைகளிலும் நீர்மட்டத்தைப் பார்த்து, தாழ்ந்த சில்லின்கீழ்ப் பலகை வைத்துச் சமப்படுத்தலாம். காரைச் சிறிது முன்னும் பின்னும் உருட்டி, முன்புறத்தை அழுத்தி விட்டு, அது தன் இயல்பான உயரத்தில் அமர்ந்தபின் மட்கார்டிலிருந்து குண்டைத் தொங்கவிடல் வேண்டும். ரயரின் புடைப்பு நூலைத் தொடாதிருத்தல் முக்கியம். இரும்பு விளிம்பின் மேற்புறத்திலிருந்து நூலுக்குள்ள தூரத்தையும், கீழ்ப்புறத்திலிருந்து நூலுக்குள்ள தூரத்தையும் அளந்தால், 14 அங்குலச் சில்லில் கீழ்த்தூரம் ஏறத்தாழக் கால் அங்குலம் மிகுந்திருக்கும். அக்கால் அங்குலமே 1 பாகை. இரு தூரங்களும் ஒத்திருந்தாலோ, மேல்தூரம் மிகுந்திருந்தாலோ தேய்வைத் தேடவேண்டும். இடச்சில்லும் வலச்சில்லும் வேறுபட்டால் ஒருபக்கத்துக்கு மட்டும் நேர்ந்த அடியையோ தேய்வையோ ஐயுறல் வேண்டும்.

ரயரும் தன் கதையைத் தானே கூறும். எனினும் மலைப்பாதையில் அக்கதையைப் பிழையாகப் படிப்பது எளிது. ஓயாத வளைவுகளில் ஓடும் காரின் முன்ரயர்கள், எல்லா அளவுகளும் செம்மையாயிருப்பினும், வெளித்தோளில் விரைந்து தேயும். காற்றுக் குறைந்தால் இரு தோள்களும் தேயும். டோ-இன் பிழையோ தேய்வின் அளவினால் மட்டுமன்றித் தடவிப் பார்த்தலாலும் அறியப்படும்: உள்ளங்கையை ரயரின் முகத்தில் வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக இழுக்கையில் வழுவழுப்பாகவும், மறுதிசையில் அரம்போலச் சுரசுரப்பாகவும் இருந்தால் டோ-இன் மிகுந்துள்ளது, மாறாக இருந்தால் சில்லுகள் வெளிநோக்கி விரிந்துள்ளன.

சிறு பிழைதானே என்று எண்ணுவோர்க்கு ஒரு கணக்கு. ரயரின் விட்டம் 24 அங்குலம். டோ-இன் கால் அங்குலம் பிழைத்துள்ளது எனக் கொள்க. அப்பிழையை இரு சில்லுகளும் பகிர்ந்துகொள்ள, ஒவ்வொன்றும் மைலுக்கு ஏறத்தாழ 27 அடி பக்கவாட்டில் தேய்க்கப்படுகின்றது. அப்புத்தளையிலிருந்து பதுளை ஏறத்தாழ 25 மைல். ஒருமுறை சென்று சேர்வதற்குள் ரயர் 670 அடிக்கு மேல் தார்ச்சாலையில் அரைக்கப்பட்டுவிடும்.

டோ-இன்னைத் திருத்துதல் இறுதிப் பணி. தேய்ந்தவை மாற்றப்பட்டு, உயரம் சரிசெய்யப்பட்ட பின்னரே அதற்குரிய வேளை. சில்லின் மைய உயரத்தில், இரு முன்ரயர்களின் பின்புறத்திலும் சோக்கினாற் குறியிட்டு, குறிகளுக்கு இடைப்பட்ட தூரம் அளக்கப்படும். பின் கார் முன்னோக்கி உருட்டப்பட, குறிகள் அரைச்சுற்றுச் சுற்றி முன்புறம் வந்துசேரும். அவற்றையே மீண்டும் அளந்தால் இரும்பு விளிம்பின் கோணலால் எழும் பிழை நீங்கும். பின் அளவினும் முன் அளவு 3/32 அங்குலம் குறைந்திருத்தல் வேண்டும். குறையாதாயின் டை ரொட்டின் பூட்டுமரையைத் தளர்த்தி இருபுறமும் ஒரே அளவாகத் திருகுக. ஒருபுறம் மட்டும் திருகினால் ஸ்டியரிங்கின் நடுநிலை பிறழ்ந்து, காரை ஒருபுறம் கூடுதலாகவும் மறுபுறம் குறைவாகவும் திருப்பவேண்டி நேரும்; கொண்டையூசி வளைவில் அக்குறைவு பள்ளத்தாக்கின் பக்கமாக அமையவுங் கூடும். பூட்டுமரையை இறுக்கியபின், இறுக்குகையில் அளவு நழுவியிராமையை உறுதிசெய்ய மீண்டுமொருமுறை அளக்க. சில நூறு மைல் மலைப்பாதையில் ஓடிய பின்னர்ப் புதிய புஷ்கள் அழுந்தி அமைந்திருக்குமாகையால், தூக்குக்குண்டையும் சோக்கையும் அப்போது இன்னொருமுறை எடுத்தல் வேண்டும்.