வீட்டிலேயே ஓமத் தண்ணீர்

நேரம் தவறிச் சாப்பிட்டு வயிறு உப்பிக்கொண்டால் ஓமத் தண்ணீர் குடிப்பது கிராமத்து வழக்கம். ஓமத்தின் கார மணத்துக்கு அதன் எண்ணெயிலுள்ள தைமால் என்ற பொருளே காரணம். இது ஆவியோடு போய்விடும். மூடாமல் காய்ச்சினால் மணம் அடுப்படிக்குத்தான், வயிற்றுக்கு அல்ல.

ஒரு தேக்கரண்டி ஓமத்தை லேசாக நசுக்கி, 2 டம்ளர் தண்ணீரில் போட்டு, மூடி 5 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். சூடு தணிந்ததும் வடிகட்டி அரை டம்ளர் குடிக்கலாம். கைக்குழந்தைகளுக்கு வேண்டாம். கடும் வலி, ஓயாத வாந்தி, மலத்தில் இரத்தம் கண்டால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும்.

கடைச்சரக்கு ஓமமே ஏற்றது. விதைக்க வாங்கி மீந்ததில் பூசணக்கொல்லி கலந்திருக்கக்கூடும். கழுவினால் போதும் என்று எண்ணுவது ஆபத்து. அதைச் சமையலறைப் பக்கமே வைக்கக் கூடாது.