விமானத்தில் 7 கிலோ கைப்பை கெடுபிடி ஏன்?

சென்னை விமான நிலையத்தில் வளைகுடா நாடுகளுக்கு போகும் விமானங்களின் கவுண்ட்டர் பக்கம் அடிக்கடி பார்க்கலாம். தரையில் பையை திறந்து வைத்து லுங்கி, முறுக்கு பொட்டலம், மசாலா பொடி என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டு இருப்பார்கள். கைப்பை 9 கிலோ இருந்திருக்கும். பெரும்பாலான விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்கு அனுமதி 7 கிலோ தான். சட்டைக்கு மேல் சட்டை போட்டு எடையை சமாளிப்பவர்களும் உண்டு.

"இதையே கீழே போடுற பெட்டியில வச்சா மட்டும் பாரம் குறைஞ்சிடுமா?" என்று கோபமாக கேட்பார்கள். நியாயமான கேள்வி தான்.

பாரம் குறையாது. ஆனால் கீழே போகும் ஒவ்வொரு பெட்டியும் எடை போடப்படுகிறது. அந்த கணக்கை வைத்து தான் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று பிரித்து ஏற்றுகிறார்கள். மேலே ஏறும் பயணிகளுக்கோ, கைப்பையோடு சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று சராசரி கணக்கு தான். 180 பேர் ஆளுக்கு 3 கிலோ கூடுதலாக கொண்டு வந்தால் 540 கிலோ. அரை டன்னுக்கு மேல் கணக்கில் வராமலே ஏறிவிடும்.

சீட்டுக்கு மேலே இருக்கும் ரேக்குக்கும் தாங்கும் எடை என்று ஒரு அளவு இருக்கிறது. விமானம் நடுவானில் குலுங்கும்போது ரேக் கதவு திறந்து 10 கிலோ பை விழுந்தால், கீழே இருப்பவர் மண்டை என்ன ஆகும்?

காசு விஷயமும் இல்லாமல் இல்லை. கூடுதல் கிலோவுக்கு வாங்கும் கட்டணம் கம்பெனிகளுக்கு நல்ல வருமானம். கூலி வேலைக்கு போகிறவருக்கு அது பெரிய தொகை.

90 விநாடி

விபத்து நேரம் தான் முக்கியம். பாதி கதவுகள் அடைபட்டாலும் 90 விநாடியில் எல்லோரும் வெளியேற முடியும் என்று சோதனையில் காட்டினால் தான் புது ரக விமானத்துக்கு அனுமதி. அந்த சோதனையில் யாரும் ரேக்கில் இருந்து பையை இறக்கிக்கொண்டு நிற்பதில்லை.

2016 ஆகஸ்ட் 3-ந்தேதி திருவனந்தபுரத்தில் இருந்து சென்ற எமிரேட்ஸ் விமானம் துபாயில் தரையில் மோதி தீப்பிடித்தது. உள்ளே புகை. அப்போதும் பலர் பையை எடுக்க முண்டியடித்தது செல்போன் வீடியோவில் பதிவானது. 300 பேரும் தப்பினார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் பலியானார்.

2024 ஜனவரி 2-ந்தேதி டோக்கியோவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் இன்னொரு விமானத்தில் மோதி எரிந்தது. உள்ளே இருந்த 379 பேரும் பைகளை விட்டுவிட்டு இறங்கி உயிர் பிழைத்தார்கள்.

பவர் பேங்க் உஷார்

ரேக்கில் இடம் இல்லை என்று கடைசி நேரத்தில் கைப்பையை வாங்கி கீழே அனுப்புவார்கள். அப்போது பவர் பேங்க்கை மறக்காமல் வெளியே எடுத்துவிட வேண்டும். கீழே தீப்பிடித்தால் உடனே யாரும் போய் அணைக்க முடியாது. 2025 ஜனவரியில் தென் கொரியாவின் பூசான் நகரில், புறப்பட இருந்த விமானத்தின் ரேக்கில் தீப்பிடித்தது. பவர் பேங்க் தான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். அதில் இருந்து அந்த நாட்டு விமானங்களில் பவர் பேங்க்கை ரேக்கில் வைக்கக்கூடாது. கையிலோ, எதிர் சீட்டின் பையிலோ தான் வைக்க வேண்டும்.