சிஸ்டர் இருந்த பள்ளிக்கூடம்

சிங்கப்பூரின் கிராஞ்சியில் வடக்கு தெற்கு ரயில் தடத்தில் ஏறினால், வண்டி மாறாமலே ஒரு பெரிய கல்விக் குடும்பத்தைப் பார்த்துவிட்டு வரலாம். அங் மோ கியோவில் செயின்ட் நிக்கலஸ் பெண்கள் பள்ளி. தோ பாயோவில் குழந்தை இயேசு கான்வென்ட். சிட்டி ஹாலில் இறங்கிச் சற்று நடந்தால், இவை இரண்டும் பிறந்த விக்டோரியா ஸ்திரீட் மடம். இன்று அதற்கு சைம்ஸ் என்று பெயர். உணவகங்கள் நிறைந்த இடம்.

1854 பிப்ரவரி 5ஆம் தேதி மதர் மத்தில்ட் ராக்லோ என்ற பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி மூன்று சிஸ்டர்களோடு பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து இறங்கினார். அருள்தந்தை பெரல் அவர்களுக்காக வாங்கி வைத்திருந்த கால்டுவெல் இல்லம் கிட்டத்தட்ட வெறும் வீடு. பத்து நாளுக்குள் அங்கே வகுப்பு தொடங்கிவிட்டது. கட்டணம் கட்டும் பிள்ளைகளுக்கு ஒன்று, அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும் ஒன்று. இந்தப் பிரிவினையை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துச் சமூகம் மடத்துக்குள்ளும் இருந்தது. ஆனால் பெண் பிள்ளைக்குப் படிப்பெதற்கு என்று ஊரே கேட்ட காலத்தில், காசில்லாத பிள்ளைக்கும் சிலேட்டைக் கொடுத்தவர்கள் இவர்கள்.

பிராஸ் பாசா சாலையும் விக்டோரியா ஸ்திரீட்டும் சேரும் மூலையில் மடத்துக்கு ஒரு சின்னக் கதவு உண்டு. துணியில் சுற்றியும் கூடையில் வைத்தும் பச்சைக் குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்கள். வறுமை ஒரு காரணம். புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற சீனர்களின் நம்பிக்கை இன்னொன்று. பல குழந்தைகள் நோயோடு வந்தன, பிழைக்காமலும் போயின. பிழைத்தவர்களுக்குத் தாய், தாதி, டீச்சர் எல்லாமே சிஸ்டர்தான். பகலில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரே இரவில் காய்ச்சலுக்குத் துணி நனைத்துப் போட்டார். வளர்ந்த பெண்கள் செய்த பூத்தையலை விற்ற காசிலும் அநாதை இல்லத்துக்கு அரிசி வந்தது. கன்னியாஸ்திரியின் ஆசிரியப் பணிக்கு அன்று பள்ளி மணி கிடையாது.

மதர் மத்தில்ட் 1872இல் ஜப்பானுக்குப் போனார். 1911இல் யோகோஹாமாவில் இறந்தபோது அவருக்குத் தொண்ணூற்றாறு வயது. பிறந்த ஊருக்குத் திரும்பிப் போய் ஓய்வெடுக்கும் எண்ணமே அவரிடம் இருந்ததில்லை போலும்.

1983 நவம்பரில் விக்டோரியா ஸ்திரீட் சிற்றாலயத்தில் கடைசி வழிபாடு நடந்தது. பள்ளி தோ பாயோவுக்குப் போனது, 1996இல் சைம்ஸ் திறந்தது. அருள்தந்தை நேன் வடிவமைத்து 1904இல் கட்டி முடித்த அந்தச் சிற்றாலயத்தில் இப்போது திருமண விருந்துகள் நடக்கின்றன. கட்டடத்தை இடிக்காமல் காப்பாற்றினார்களே, அதுவே பெரிய காரியம்.

இன்று இந்தப் பள்ளிகளில் பாடம் நடத்துபவர்கள் கல்வி அமைச்சின் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். முதல்வர்களும் பொதுநிலையினர். சிஸ்டர்கள் எண்ணிக்கையில் குறைந்து, வயதிலும் மூத்துவிட்டார்கள். இதைப் பலர் வீழ்ச்சியாகப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1854இல் ஒரு பெண் கடல் தாண்டி வந்து பள்ளி நடத்தவும், கணக்கு வழக்குப் பார்க்கவும், கட்டடம் எழுப்பவும் துறவுதான் வழி திறந்தது. இன்று அவர்களிடம் படித்தவர்களின் பேத்தி, குடும்பம் நடத்திக்கொண்டே பள்ளி முதல்வராக இருக்கலாம். அந்த வழியைப் போட்டதில் சிஸ்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் ஒன்று குறைந்துதான் போயிற்று. ஒரே சிஸ்டர் பார்த்த வேலையை இப்போது ஆசிரியர், ஆலோசகர், மாணவர் பராமரிப்பு நிலையம், சமூக ஊழியர் என்று பலர் பங்கு போட்டுச் செய்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் வேலையை அன்றைவிட நன்றாகவே செய்கிறார்கள். 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம் என்பதால் எந்தப் பிள்ளையும் எளிதில் விடுபடுவதில்லை. இருந்தாலும், தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் பிள்ளை காலையில் ஏன் சாப்பிடவில்லை, நேற்று ராத்திரி ஏன் அழுதது என்று முழுக்கத் தெரிந்த ஒரு ஆள் பள்ளியில் இருப்பது அரிதாகிவிட்டது. குழந்தைக்கு அந்த ஒரு ஆள் வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அதற்குத் துறவியாக இருக்க வேண்டியதில்லை. ஆசிரியருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தேர்வுகளும் கோப்புகளும் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

கான்வென்ட்டில் படித்த அத்தையோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். எந்த சிஸ்டர் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார், எதற்குக் கண்டித்தார், எப்போது அணைத்துக்கொண்டார் என்று எழுதி வையுங்கள். இப்போது விட்டால் சொல்ல ஆளிருக்காது.