குளிர் காலத்தில் பூனைக்குத் தைலம் தடவாதீர்கள்!



கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது, மாமியாருக்கு மூட்டு வலித்தால் எதைத் தேய்ப்பது என்று இந்தப் பகுதியில் எத்தனையோ பேர் எழுதுகிறீர்கள். நான் எழுதப் போவது வீட்டுப் பூனையைப் பற்றி. "பூனைக்கெல்லாம் ஒரு கடிதமா?" என்று சிரிக்காதீர்கள். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

எங்களுக்கு உதகமண்டலம். கடல் மட்டத்துக்கு 7,000 அடிக்கும் மேலே இருக்கிற ஊர். டிசம்பர், ஜனவரியில் விடிகாலை எழுந்து பார்த்தால் தாவரவியல் பூங்கா புல்வெளியிலும் தலைக்குந்தா பக்கத்திலும் உப்பைக் கொட்டி வைத்த மாதிரி உறைபனி கிடக்கும். துவைத்துப் போட்ட துணி கொடியிலேயே விறைத்துப் போகும். இந்தக் குளிரில் பதினாறு வருஷமாகப் பூனை வளர்க்கிறேன். இப்போது இருப்பது இரண்டு. கருப்பன் என்று ஒரு கிழம், குட்டிம்மா என்று ஒரு வாலு.

இத்தனை வருஷத்தில் நான் கண்டது ஒன்று. காய்ந்த இடமும் வயிற்றுக்கு ஆகாரமும் இருந்தால் வளர்ந்த பூனை எங்கள் ஊர்க் குளிரையே தாங்கிவிடுகிறது. ஆனால் "ஐயோ பாவம், குளிருமே" என்று நாம் செய்கிற வைத்தியம் இருக்கிறதே, அதைத்தான் அதனால் தாங்க முடிவதில்லை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா வீட்டில் சிண்டு என்று வெள்ளைப் பூனை இருந்தது. ஒரு தை மாதம் அது சுருண்டு படுத்தே கிடந்தது. தொட்டுப் பார்த்திருக்கிறார்கள், சுட்டிருக்கிறது. "காய்ச்சல் அடிக்குது, குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி அரை மாத்திரை கொடுப்போம்" என்று பாராசிட்டமாலைத் தேனில் குழைத்து நாக்கில் தடவிவிட்டார்கள். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் முகமும் பாதமும் வீங்கி, ஈறு காப்பிப் பொடி நிறத்தில் மாறி, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சாயங்காலம் போய்விட்டது.

அந்த அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தார்கள். பிள்ளைக்குக் கொடுப்பதைத்தானே கொடுத்தார்கள்! டாக்டர் விளக்கினார்: பாராசிட்டமாலைப் பிரித்து வெளியே தள்ளுகிற சக்தி நம் ஈரலுக்கு உண்டு, பூனையின் ஈரலுக்கு அது கிடையாது. மருந்து உடம்பிலேயே தங்கி ரத்தத்தைக் கெடுத்துவிடும். பிறகு ரத்தம் எவ்வளவு ஓடினாலும் பிராணவாயுவைச் சுமக்காது. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். தெரியாமல் தின்றுவிட்டாலும் உடனே, அறிகுறி வரட்டும் என்று காத்திராமல், கொண்டு போனால் மாற்று மருந்து இருக்கிறது. மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் அந்த அக்காவுக்குத் தெரிந்தது. பூனையின் உடம்புச் சூடே நம்மைவிட அதிகம். 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை அதற்குச் சாதாரணம். நம் கைக்கு எப்போதுமே அது சுடத்தான் செய்யும்! தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டவே கூடாது.

அடுத்தது தைலம். நீலகிரித் தைலம் எங்கள் மலையின் பெயரையே வைத்திருக்கிற தைலம். எங்கள் வீடுகளில் தலைவலி முதல் தரை துடைப்பது வரை அதுதான். பூனை தும்மினால் நெஞ்சில் ஒரு சொட்டு தேய்ப்பது, அதன் படுக்கையில் நாலு சொட்டு விடுவது என்று பலர் செய்கிறார்கள். பூனை உடம்பில் பட்டது எதுவானாலும் கடைசியில் அதன் வயிற்றுக்குத்தான் போகும் என்பதை நினைவில் வையுங்கள். நாள் முழுக்க நக்கி நக்கித்தானே அது குளிக்கிறது! யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம், சளிக்குத் தடவுகிற களிம்பு எல்லாமே அதற்கு விஷம். எச்சில் ஒழுகும், தள்ளாடும், சில சமயம் வலிப்பு வரும். தைலம் போட்டுத் தரை துடைத்தால் காயும் வரை பூனையை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

பரணிலிருந்து கம்பளி, ஸ்வெட்டர் இறக்குகிற காலமும் இதுதான். உள்ளே பாச்சை உருண்டை போட்டிருப்போம், சில வீடுகளில் அந்துருண்டை என்பார்கள். அந்த ஸ்வெட்டரை அப்படியே பூனைக்கு விரித்துவிட்டு, உருண்டை ஒன்று தரையில் ஓடினால் "பூனை விளையாடுது பாரு" என்று ரசிக்கிறார்கள். நாப்தலீன் ரத்த அணுக்களை உடைக்கும். பூனைக்கு என்று கொடுக்கிற துணியைத் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, வாசம் போன பிறகு கொடுங்கள்.

சிலர் இரண்டு சொட்டு பிராந்தி கொடுத்தால் உடம்பு சூடாகும் என்று சொல்வார்கள். எங்கள் மலைக்காரர்களுக்கு இந்த நம்பிக்கை அதிகம்! சாராயம் உடம்புச் சூட்டைக் குறைக்கத்தான் செய்யும். போதாக்குறைக்கு அது பூனைக்கு விஷமும்கூட.

கரியடுப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் கரிக்கணப்பு வைத்துத் தூங்கி, காலையில் எழுந்திருக்காமல் போன மனிதர்களைப் பற்றியே மலை ஊர்களில் எத்தனையோ செய்திகள் வந்திருக்கின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. பூனைக்காக அடுப்பை விட்டுவைக்கிறேன் என்று சொல்லாதீர்கள். பூனை மட்டுமல்ல, உங்கள் பிள்ளைகளும் அதே அறையில்தான் தூங்குகிறார்கள். கம்பி சிவக்கிற கரண்ட் ஹீட்டர் வைத்திருந்தால் மூன்றடி தூரமாவது தடுப்பு வையுங்கள். வால் கருகும் வரை நகராத பூனைகள் உண்டு.

பின்னே என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். செலவே இல்லை! ஒரு அட்டைப்பெட்டி போதும். பெரிய பெட்டி வேண்டாம், பூனை சுருண்டு படுத்தால் நிரம்புகிற அளவு இருக்கட்டும். அதன் உடம்புச் சூடே பெட்டிக்குள் தங்கும். நுழைய ஒரு ஓட்டை மட்டும் வெட்டிவிட்டு, கீழே ஒரு பலகைத் துண்டோ நாலு செங்கல்லோ வைத்துத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். சிமெண்ட் தரைதான் குளிரை ஏற்றும். உள்ளே பழைய கம்பளித் துணி. ரொம்ப நடுங்குகிற நாளில், வெந்நீர்ப் பையில் கொதிநீர் ஊற்றாமல் கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் நிரப்பி, துண்டில் சுற்றி ஒரு ஓரமாக வையுங்கள். சூடு அதிகமானால் அது விலகிப் படுக்க இடம் இருக்க வேண்டும். பகலில் வெயில் விழுகிற ஜன்னலைப் பூனையே கண்டுபிடித்துக்கொள்ளும், அதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

வீட்டுக்குள் வராத தெருப் பூனைக்குத் துணி போடாதீர்கள். பனியில் நனைந்து ஈரமானால் இன்னும் மோசம். மீன்காரரிடம் பழைய தெர்மகோல் பெட்டி கேட்டால் கொடுப்பார். கழுவிவிட்டு ஓட்டை போட்டு, உள்ளே காய்ந்த வைக்கோல் அடைத்து வையுங்கள். வைக்கோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. இப்படி ஒரு பெட்டியை மாடிப்படிக்குக் கீழே நான் வைத்ததற்கு என் வீட்டுக்காரர், "வாடகை எவ்வளவு வாங்கறே?" என்று கேட்டார். இப்போது வைக்கோல் மாற்றுவது அவர்தான்.

சாப்பாட்டு விஷயம். பால் சோறும் தயிர் சோறும் போட்டால் போதும் என்று நினைக்கிறோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். பூனை மாமிசம் தின்கிற பிராணி. மத்தியோ நெத்திலியோ கோழியோ உப்பு காரம் இல்லாமல் வேகவைத்து, முள்ளும் எலும்பும் எடுத்துவிட்டு, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். குழம்பில் கிடக்கிற மீனை எடுத்துப் போடாதீர்கள், வெங்காயமும் பூண்டும் அதற்கு ஆகாது.

குளிரில் நாமே தண்ணீர் குடிப்பதை மறந்துவிடுகிறோம். பூனை கேட்கவே வேண்டாம். ஐஸ் மாதிரி கிடக்கிற தண்ணீரை முகர்ந்துவிட்டுப் போய்விடும். அகலமான கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள், மீன் வேகவைத்த தண்ணீரையும் ஆகாரத்தோடு விடுங்கள். இதை வலியுறுத்திச் சொல்வது ஆண் பூனைக்காக. தண்ணீர் குறைந்து, வெளியே போகச் சோம்பல்பட்டு மூத்திரத்தை அடக்கி வைத்தால், அதற்கு நீர்ப்பாதை அடைத்துக்கொள்ளக் கூடும். மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கும், கத்தும், ஒரு சொட்டும் வராது. நாம் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்போம்! ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். நாளைக்குப் பார்க்கலாம் என்கிற பேச்சே கூடாது. கருப்பனை நான் ஒரு முறை ராத்திரி ஒன்பது மணிக்குக் கூடையில் போட்டுத் தூக்கிப்போய்க் காப்பாற்றினேன். வெளியே உறைபனி விழுகிற காலத்தில் மண் தட்டை வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுவது நல்லது.

சளி வந்தால்? பூனைச் சளி நம் சளி இல்லை, அதற்கென்று தனிக் கிருமிகள். நமக்கு ஒட்டாது, ஆனால் பக்கத்துப் பூனைக்கு வேகமாக ஒட்டும். தடுப்பூசி இருக்கிறது, குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து விட்டு விட்டுப் போடுவார்கள். வெறிநாய்க்கடி தடுப்பூசியை மூன்று மாதத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள். மூக்கு அடைத்த பூனை சாப்பிடாது, ஏனென்றால் வாசனை தெரியாமல் அது எதையும் தொடாது. வெந்நீரில் நனைத்த பஞ்சால் மூக்கையும் கண்ணையும் துடைத்துவிட்டு, குளியலறையில் வெந்நீரைத் திறந்து ஆவி நிரப்பி, பத்து நிமிஷம் மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வெறும் தண்ணீர் ஆவிதான், தைலம் கிடையாது! ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ கால்நடை டாக்டரிடம் போய்விட வேண்டும். எங்கள் பக்கம் மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்வது. பூனையைத் தூக்கிக்கொண்டு போக வெட்கப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். மாட்டையும் ஆட்டையும் பார்க்கிற டாக்டர் பூனையையும் பார்ப்பார், தயங்காமல் போங்கள்.

குட்டிகள் விஷயம் வேறு. பிறந்து மூன்று, நாலு வாரம் வரை தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளக் குட்டிக்குத் தெரியாது. விறைத்துக் கிடக்கிற குட்டியைக் கண்டதும் எல்லாரும் முதலில் ஓடுவது பால் கிண்ணத்துக்கு. வேண்டவே வேண்டாம்! குளிர்ந்த உடம்பில் பால் செரிக்காது, விழுங்கத் தெம்பில்லாமல் நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் துணியில் சுற்றி உங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் சூடு ஏறட்டும். அசைந்து, கத்தி, எதையாவது சப்பத் தேடும்போதுதான் பால். அதுவும் மாட்டுப் பால் இல்லாமல், பூனைக்குட்டிக்கு என்றே விற்கிற பால் மாவைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். குட்டிம்மா இப்படி என் ரவிக்கைக்குள் இரண்டு மணி நேரம் இருந்து பிழைத்தவள்தான். அன்றைக்கு அடுப்பில் வைத்த சாம்பார் அடிப்பிடித்துப் போனதைப் பற்றி இந்த வீட்டில் இன்னும் பேசுகிறார்கள்.

வீட்டில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. எஞ்சின் சூட்டுக்காகப் பூனைகள் காருக்குள், ஆட்டோவுக்குள் ஏறிப் படுத்துக்கொள்ளும். காலையில் கிளப்புவதற்கு முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டிவிட்டு ஒரு நிமிஷம் பொறுத்து எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் காம்பவுண்டில் குழந்தைகளுக்கு இந்த வேலையைக் கொடுத்திருக்கிறோம், சண்டை போட்டுக்கொண்டு தட்டுகிறார்கள்.

மலையில் இருக்கிற சகோதரிகளுக்கு மட்டும் கடைசியாக ஒன்று. குளிர் காலத்தில் எங்களுக்குச் சீக்கிரம் இருட்டிவிடும், மூட்டம் வேறு. நாயையும் பூனையையும் தேடிச் சிறுத்தை வீட்டு வாசலுக்கே வருகிறது. 2023 தீபாவளி சமயத்தில் குன்னூரில் நாயைத் துரத்திக்கொண்டு ஒரு வீட்டுக்குள்ளேயே புகுந்து பலரைக் காயப்படுத்தியதைப் படித்திருப்பீர்கள். அதனால் ராத்திரி பூனைக்கு வெளியே சாப்பாடு வைக்காதீர்கள், மீன் கழிவை வாசலில் கொட்டாதீர்கள். பூனையை ஐந்தரை மணிக்கே உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டை அந்த நேரத்துக்கே வைத்துப் பழக்கினால் கூப்பிடக்கூட வேண்டாம். எங்கள் வீட்டில் ஐந்து இருபதுக்கே இரண்டும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்.

- ஓர் உதகை வாசகி